ஏழாம் தூணுக்கும் எட்டாம் தூணுக்கும் நடுவே

ஏப்ரல் 4

அண்ணனுக்கு,

போனில் பேசினால் நீ கத்துவாய், நான் பாதியில் வைத்துவிடுவேன். போன தடவையும் அப்படித்தான் ஆனது. கடிதத்தில் குறுக்கே புகுந்து பேச உனக்கு வழியில்லை, அதனால் எழுதுகிறேன். கடைசி வரை படி.

தூண்களின் உச்சியில் நீ போட்டுக் கொடுத்த தண்டவாளத்தின் மேல் ஓடுகிற கிரேனை உன் தங்கச்சிதான் ஓட்டுகிறாள் என்று புது சைட்டில் எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொள்கிறாயாமே. இனி அடிக்காதே. போன செவ்வாய்க்கிழமை அந்தக் கிரேனால் ஒரு மனிதரின் பாதம் நசுங்கிவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். தகட்டுக் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வெட்டும் மெஷின் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். ஏழாவது தூணைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் சக்கரம் பிடித்துக்கொண்டது. பிரேக்கை நான் தொடவே இல்லை. கிரேன் நின்றுவிட்டது, தகடு நிற்கவில்லை. அது முன்னால் வீசிப் போய்த் திரும்பி வந்தது. கீழே, கட்டுகளுக்குக் கொக்கி மாட்டுகிற நம் கொக்கிக்காரர் நின்றிருந்தார். நீ இந்த ஷெட்டில் வேலை செய்தபோது உன் ஆட்களோடு சீட்டாடித் தோற்றுக்கொண்டே இருப்பாரே, அவர்தான். ஒதுங்கத்தான் பார்த்தார். பின்னால் ரேக், முன்னால் தகடு, நடுவில் அவர். நான் மேலே உட்கார்ந்து மணியை அடித்துக்கொண்டே இருந்தேன். அங்கிருந்து வேறு என்ன செய்ய முடியும்?

நான் ஏணியில் இறங்கி வருவதற்குள் ஷெட் பொறுப்பாளர் தீர்ப்பே சொல்லிவிட்டார். "திடுதிப்புன்னு பிரேக் போட்டிருக்கா. பொம்பளைய மேல ஏத்தாதீங்கன்னு நான் அன்னைக்கே சொன்னேன்." அவர் அன்றைக்குச் சொன்னது உண்மைதான். நீயும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னாய், அதுவும் எனக்கு மறக்கவில்லை.

அந்த இடத்தில் சக்கரம் உரசுகிறது என்று அவரிடம் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கிரீஸ் வை என்றார். வைத்தேன். வெறும் கொக்கியோடு போனால் முனகும், எடையோடு போனால் பல்லைக் கடிக்கும். எடை ஏற ஏறக் கடியும் ஏறியது. இப்போது கேட்டால், நான் சொன்னதே அவருக்கு ஞாபகமில்லையாம்.

மே இருபதாம் தேதி விசாரணை. அதுவரை நான் கேபினில் ஏறக்கூடாது. பழி என் தலையில் விழுந்தால் கிரேன் ஓட்டும் உரிமமும் போய்விடும், அப்புறம் எந்த ஷெட்டிலும் என்னை மேலே ஏற்றமாட்டார்கள். என் வீட்டுக்காரர் என்னையும் மகளையும் விட்டுவிட்டுப் போன பிறகு உன் கூட்டத்தில் கிளிப்பும் போல்ட்டும் சுமந்து, பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, பரீட்சை எழுதிப் பிடித்த இருக்கை அது. யாரும் எனக்குத் தூக்கிக் கொடுத்ததில்லை. உனக்குத் தெரியும்.

நான் கேட்பது ஒன்றுதான். வா. ஏழாவது தூணுக்கும் எட்டாவது தூணுக்கும் நடுவில் ஒரு தடவை டேப் பிடித்து அளந்து பார். நீ சொன்னால் கேட்பார்கள்.

உன் தங்கை


ஏப்ரல் 12

வாலு,

இப்படிக் கூப்பிடாதே என்பாய். கடிதத்தில் குறுக்கே பேச உனக்கும் வழியில்லை பார்.

கடைசி வரை படித்தேன். கொக்கிக்காரரை நினைத்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. சீட்டில் ஏமாற்றத் தெரியாத ஒரே மனிதர். அவருக்கு இப்படி ஆகியிருக்க வேண்டாம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். உரசுகிறது, உரசுகிறது என்று பொறுப்பாளரிடம் மாதக்கணக்காகச் சொன்னாயாமே, என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? அண்ணன் போட்ட தண்டவாளத்தைப் பற்றி அடுத்தவன் காதில் போடத் தெரிந்த உனக்கு அண்ணன் காதில் போடத் தெரியவில்லை. அது எனக்கு வலித்தது.

தண்டவாளத்தில் ஒன்றும் இருக்காது. தகட்டைக் கேபின் பக்கமே ஒதுக்கி வைத்துக்கொண்டு ஓட்டியிருப்பாய். ஒரு பக்கம் கனத்தால் கிரேன் கோணிக்கொள்ளும், ஒரு சக்கரம் முந்தும், மற்றது பிந்தும், உரசாமல் என்ன செய்யும்? புதிதாக ஓட்டுகிற எல்லோரும் செய்வதுதான். இதில் ஆண் பெண் என்றெல்லாம் ஒன்றும் இல்லை, நீ உடனே வரிந்து கட்டிக்கொண்டு வராதே.

நான் இங்கிருந்து அசைய முடியாது. ஷெட்டுக்குக் கூரை பாதிதான் வந்திருக்கிறது. தண்டவாளம் லாரியில் வந்து வெயிலில் கிடக்கிறது. பற்றவைக்கிறவர்கள் வந்து சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், முதலாளி தினமும் ஒரு தடவை வந்து என்னை வறுத்தெடுக்கிறார். இந்த நேரத்தில் நான் போய், ஐயா நான் போட்ட தண்டவாளமே சரியில்லை, அளந்து பார்க்க விடுங்கள் என்று நின்றால் திரும்பி வரும்போது எனக்கு இங்கே இடம் இருக்குமா? என்னை நம்பி ஒரு கூட்டமே இருக்கிறது.

நான் சொன்னால் நீ கேட்கப்போவதில்லை, ஆனாலும் சொல்கிறேன். விட்டுவிடு. மகளைக் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வா. மாடியில் ஓர் அறை சும்மாதான் இருக்கிறது. அண்ணி ஒன்றும் சொல்லமாட்டாள். சொன்னாலும் உன் காதில் விழாதபடிதான் சொல்வாள்.

அண்ணன்


ஏப்ரல் 17

அண்ணனுக்கு,

மாடி அறைக்கு நன்றி. அண்ணியைத் துணி காயப்போட வைத்துக்கொள்ளச் சொல்.

கொக்கிக்காரருக்குப் பாதத்தை எடுத்துவிட்டார்கள். ஒட்டவைத்துப் பார்த்தார்கள், கறுத்துப்போய்விட்டது. நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் மனைவி என்னை உட்காரச் சொல்லவில்லை. ஸ்டூல் காலியாகத்தான் இருந்தது, அவர் அதன் மேல் பையை வைத்துவிட்டார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொக்கிக்காரர்தான் என்னைப் பார்த்து, "நீ பிரேக் போடலம்மா. பிரேக் போட்டா எப்படி சத்தம் வரும்னு எனக்குத் தெரியாதா? இது கடிச்சுது" என்றார். அதைக் கேட்டதும் அவர் மனைவி பையை எடுத்துக் கீழே வைத்தார். அப்புறமும் உட்காரச் சொல்லவில்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அவர் சொன்னதைப் பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னேன். வலியில் உளறுகிறார் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

இப்போது உன் பாடத்துக்கு வருகிறேன். பொறுப்பாளர் டீ குடிக்கப் போன நேரத்தில் எண்ணெய் போடுகிறவரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு மேலே ஏறினேன். கிரேன் கோணி ஓடினால் ஒரு தண்டவாளத்தில் உள்பக்கம் தேயும், எதிர்த் தண்டவாளத்தில் வெளிப்பக்கம் தேயும். எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். இங்கே இரண்டு தண்டவாளத்திலும் உள்பக்கம்தான் தேய்ந்து பளபளக்கிறது. கீழே, தண்டவாளத்தைத் தாங்குகிற கர்டர் மேல் இரும்புத் தூள் படிந்து கிடக்கிறது, தொட்டால் விரலில் ஒட்டுகிறது. ஆறாவது தூணுக்கு முன்னால் இது இல்லை. ஒன்பதாவதுக்குப் பின்னால் இல்லை.

அப்படியென்றால் அந்த இடத்தில் இரண்டு தண்டவாளமும் ஒன்றையொன்று நெருங்கி இருக்கின்றன. சக்கரம் அகலமாக நிற்கிறது, தண்டவாளம் குறுகலாக இருக்கிறது, கடிக்காமல் என்ன செய்யும்? தானாக நகர்ந்திருக்குமோ என்று தண்டவாளத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளிப்புகளைத் தட்டிப் பார்த்தேன். ஒன்றுகூடத் தளரவில்லை. உன் ஆட்கள் இழுத்த பெயிண்ட் கோடுகூட விலகவில்லை. போட்டபோதே அப்படித்தான் போட்டிருக்கிறது.

மழுப்பாமல் பதில் சொல். புதிதாக ஓட்டுகிறவள் என்று இன்னொரு தடவை எழுதாதே.


ஏப்ரல் 26

தங்கச்சிக்கு,

நீ எனக்குப் பாடம் எடுக்கிற அளவுக்கு வந்துவிட்டாய், சந்தோஷம்.

முப்பது வருடமாகத் தண்டவாளம் போடுகிறேன். துறைமுகத்தில் போட்டேன், இரும்பு உருக்குகிற ஆலையில் போட்டேன், தொடமுடியாத சூட்டில் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு போட்டேன். டேப்பின் நுனியில் தராசுக் கொக்கி மாட்டி, முள் கோட்டுக்கு வரும்வரை இழுத்துப் பிடித்துத்தான் அளக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. அந்தத் தராசு என் பெட்டியில் உறை பிரிக்காமல் கிடக்கிறது. என் கைதான் தராசு என்று முதலாளியே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். ஒருநாள் ஒருத்தன் சந்தேகப்பட்டு நான் இழுத்துக்கொண்டிருக்கும்போதே தன் தராசை மாட்டிப் பார்த்தான். முள் கோட்டில் போய் நின்றது. அதோடு தராசைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். இதெல்லாம் உனக்குத் தெரியாததா? நீதானே மகளிடம் கதையாகச் சொல்வாய்?

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், நீயே கேட்டு வாங்கிக்கொள்கிறாய். ஏழாவது, எட்டாவது தூணில் அளந்த அன்றைக்கு, எப்போதும் எனக்கு எதிர்முனை பிடிக்கிற நெட்டைக்குக் காய்ச்சல். எதிர்முனையில் டேப்பைப் பிடித்தது யார்? நீ. பூஜ்யத்தைத் தண்டவாளத்தின் விளிம்பில் வைத்தாயா, தள்ளி வைத்தாயா என்று ஷெட்டின் அந்தக் கோடியிலிருந்து நான் கண்டேனா? குறை சொல்லக் கிளம்பினால் அது சுற்றிக்கொண்டு எங்கே வந்து நிற்கும் என்று யோசித்துக்கொள். விசாரணையில் யார் டேப் பிடித்தது என்றுதான் முதலில் கேட்பார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், இதைக் கிளறாதே. உன் நன்மைக்குத்தான்.

அண்ணன்


மே 2

அண்ணனுக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கத்தான் போனேன். என்னையே மிரட்டுகிறாய் என்று உடம்பெல்லாம் எரிந்தது. அப்புறம் நீ எழுதியிருந்த அந்த நாளை உட்கார்ந்து யோசித்தேன். யோசிக்க வைத்ததற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

பூஜ்யத்தை விளிம்பில்தான் வைத்தேன். வைத்துக் குறடால் கவ்விப் பிடித்திருந்தேன், மயிரிழைகூட நகரவில்லை. அது கிடக்கட்டும். மற்றதைச் சொல்கிறேன், உனக்கு ஞாபகம் வருகிறதா பார்.

அந்தப் பக்கத்துக் கர்டருக்கு அப்போது கைப்பிடிக் கம்பி வரவில்லை. காற்று வீசிக்கொண்டிருந்தது. நீ ஒவ்வொரு தூணுக்கும் நீயே வந்து, என் இடுப்பு பெல்ட்டிலிருந்து தூணுக்குக் கயிறு கட்டி, முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு உன் பக்கம் போனாய். நெட்டை முதல்நாளே என்னிடம் சொல்லியிருந்தான். "உங்க அண்ணன் இழுத்தா கை தோள்லேர்ந்து கழண்டு வந்துரும், தயாரா நில்லு." நானும் காலை அகட்டி ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டு நின்றேன். நீ இழுப்பாய் என்று காத்திருந்தேன். இழுப்பு வரவே இல்லை. டேப் துணிக்கொடி மாதிரி நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. இழு அண்ணா என்று கத்தினேன். நீ என்ன சொன்னாய் தெரியுமா? "போதும்டா வாலு, அசையாத."

தொங்குகிற டேப் வளைந்து போகிறது, அதனால் இருக்கிற தூரத்தைவிட அதிகமாகக் காட்டும். அதை நம்பித் தண்டவாளத்தை வைத்தால் இரண்டும் நெருங்கித்தான் வரும். இதுவும் நீ சொல்லிக்கொடுத்தது. கடைசியில் சரிபார்த்தபோது ஷெட்டின் இரண்டு கோடியிலும் நட்டநடுவிலும் மட்டும்தான் அளந்தார்கள். அங்கெல்லாம் நெட்டை பிடித்த அளவு, சரியாகத்தான் இருந்தது.

நீ இழுக்கவில்லை அண்ணா. உன் கை முப்பது வருடமாக எத்தனையோ பேரை எதிர்முனையில் வைத்து இழுத்திருக்கிறது. என்னை வைத்துக்கொண்டு இழுக்கவில்லை. நான் கீழே விழுந்துவிடுவேன் என்று பயந்துவிட்டாய்.

இது புரிந்ததும் எனக்கு அழுகை வந்தது. கொஞ்ச நேரம்தான். அப்புறம் வந்த ஆத்திரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உன் பாசத்துக்கு இன்னொருவர் பாதத்தைக் கொடுத்திருக்கிறார். நீ வைத்த கரிசனத்துக்கு நான் குற்றவாளியாக நிற்கிறேன்.

விசாரணைக்கு எழுது. அந்த இடத்தில் டேப் தளர்ந்திருந்தது, அளவு குறுகிவிட்டது என்று எழுது. போதும்.


மே 8

வாலு,

ஆமாம்.

என்ன செய்திருக்க வேண்டும் என்கிறாய்? உன்னைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டுவிட்டுச் சரியான அளவு எடுத்திருக்க வேண்டுமா? சின்ன வயதில் மதில்மேல் ஏறி நின்று பிடி அண்ணா என்று சொல்லிவிட்டு நான் கையை நீட்டுமுன்னே குதிப்பாய். ஒரு தடவை பிடிக்காமல் விட்டேன். உன் பல் போனது, அப்பாவின் அடி எனக்கு விழுந்தது. அந்தக் கர்டர் மேல் நீ நிற்கும்போது எனக்கு அதுதான் கண்ணில் நின்றது. கை என் பேச்சைக் கேட்கவில்லை. நான் தெரிந்து செய்யவில்லை. போன வாரம்வரை செய்ததே எனக்குத் தெரியாது, உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. நீ நம்பினால் நம்பு.

சொல்கிறேன். உனக்காகச் சொல்கிறேன். ஆனால் ஏன் தளர்ந்தது என்று கேட்பார்கள். முப்பது வருடம் டேப் பிடித்தவனுக்கு இழுக்கத் தெரியாதா என்று கேட்பார்கள். அப்போது நான் என்ன சொல்ல?

அண்ணன்


மே 12

அண்ணா,

தயவுசெய்து காரணத்தைச் சொல்லாதே.

உன் கை வலித்தது என்று சொல். கண் கூசியது என்று சொல். காற்று டேப்பை ஆட்டியது என்று சொல், அது உண்மையும்கூட. எதை வேண்டுமானாலும் சொல், நான் மறுமுனையில் நின்றதால்தான் என்று மட்டும் சொல்லாதே. உனக்கு அந்தப் பொறுப்பாளரைத் தெரியாது. பெண் மேலே நின்றதால் தண்டவாளம் கோணலாகிவிட்டது என்றுதான் அவர் அதை எடுத்துக்கொள்வார். வெறும் வாயை மென்றுகொண்டிருக்கிறார், நீ போய் அவல் கொடுக்காதே. இங்கே இன்னும் இரண்டு பெண்கள் கிரேன் ஓட்டப் பயிற்சி எடுக்கிறார்கள். நான் கொடுத்த தைரியத்தில் வந்தவர்கள்.

உனக்குக் கொஞ்சம் தலைகுனிவாக இருக்கும், எனக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை எனக்காகக் குனிந்துகொள். நான் உன்னிடம் இதுவரை எதையும் இப்படிக் கெஞ்சிக் கேட்டதில்லை.

மகள் உன்னைக் கேட்டாள்.

உன் தங்கை


மே 22

வாலு,

எழுதி அனுப்பினால் மடித்து ஓரமாக வைத்துவிடுவார்கள் என்று நானே நேரில் போனேன். உன்னைக் காலையிலேயே விசாரித்து அனுப்பிவிட்டார்களாம். என்னை மத்தியானம் கூப்பிட்டார்கள். முடிந்ததும் உன் வீட்டுக்கு வந்தேன், பூட்டியிருந்தது. நீ ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எனக்கு வண்டிக்கு நேரமாகிவிட்டது. வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனேன். மகளின் செருப்பு பெரிதாகிவிட்டது.

நல்ல செய்திதான், பதறாதே. நீண்ட மேசைக்குப் பின்னால் நாலு பேர், பக்கத்தில் உன் பொறுப்பாளர். எனக்கு உட்கார நாற்காலி போட்டார்கள். நீ சொன்ன மாதிரியே ஆரம்பித்தேன். அந்த இடத்தில் டேப் தளர்ந்துவிட்டது, என் பிழை என்றேன். உன் பொறுப்பாளர் சிரித்தார். "தங்கச்சியக் காப்பாத்த வந்திருக்கார். முப்பது வருஷம் தண்டவாளம் போட்டவரு டேப் இழுக்க மறந்துட்டாராம்." மேசைக்குப் பின்னால் இருந்தவர்களும் சிரித்தார்கள். கை வலி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், திறந்தேன். ஆனால் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். எனக்கு வேறு வார்த்தைதான் வந்தது. "எதிர்முனையில என் தங்கச்சி நின்னா. வேற யாரா இருந்தாலும் இழுத்திருப்பேன்" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. தலைமையாக இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் தங்கை இருக்கிறாள் போல. மறுநாளே ஆளை ஏற்றி அளந்திருக்கிறார்கள். நீ சொன்னபடியே குறுகித்தான் இருக்கிறது. உன் மேல் எந்தப் பிழையும் இல்லை என்று எழுதிவிட்டார்களாம், முதலாளிக்கு வந்த தகவல்.

நீ வேண்டாம் என்றதைச் செய்துவிட்டேன் என்று திட்டாதே. உள்ளதைச் சொன்னதால்தானே நம்பினார்கள்? முதலாளி ஏசித் தீர்த்தார். ஆனால் தண்டவாளத்தைச் சரிசெய்கிற வேலையை நம்மிடமே கொடுத்துவிட்டதால் தணிந்துவிட்டார். எனக்கும் ஒன்றும் ஆகவில்லை, உனக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடவுள் கண் திறந்துவிட்டார். இனி நிம்மதியாக ஏறி உட்கார்.

ஒரு வரி எழுது.

அண்ணன்


ஜூன் 18

அண்ணனுக்கு,

உன் ஆட்கள் வந்து தண்டவாளத்தைத் தள்ளிப் போட்டுவிட்டுப் போனார்கள். எல்லாத் தூணிலும் தராசுக் கொக்கி மாட்டித்தான் இழுத்தார்கள். நீயே உறையைப் பிரித்துக் கொடுத்து அனுப்பினாயாம், நெட்டை சொன்னான். கிரேன் இப்போது ஏழாவது தூணையும் எட்டாவது தூணையும் சத்தமே இல்லாமல் தாண்டிப் போகிறது. நான் கீழே நின்று கேட்டேன்.

கீழே என்று ஏன் எழுதுகிறேன் என்றால், இனி நான் கீழேதான். நீ சொன்னது சரி, என் மேல் எந்தப் பிழையும் இல்லை என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். அதே நாள் பலகையில் இன்னொரு தாளும் ஒட்டினார்கள். உயரத்தில் பெண்கள் இருந்தால் உடன் வேலை செய்வோரின் கவனம் சிதறுகிறது என்பது விசாரணையில் தெரியவந்துள்ளதால், பாதுகாப்பு கருதி, இனி உயரமான வேலைகளில் பெண்கள் அமர்த்தப்படமாட்டார்கள். தெரியவந்துள்ளதால் என்று போட்டிருக்கிறார்கள் அண்ணா. தெரியப்படுத்தியது யார் என்று போடவில்லை.

பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு, இதுவரை பேசாத மரியாதையோடு பேசினார். "உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. உங்க அண்ணனே வந்து சொல்லிட்டாரே." சண்டை போடக்கூட ஒரு பிடி இல்லை. பிரேக் போட்டேன் என்று பழி சொன்னபோது பொய் என்று எதிர்த்து நிற்க முடிந்தது. இப்போது சொல்வது உன் வாயிலிருந்து வந்த உண்மை.

பயிற்சிக்கு வந்த இரண்டு பெண்களையும் நிறுத்திவிட்டார்கள். அதில் சின்னவள் போகும்போது என்னிடம் வந்து, உங்கள் அண்ணன் அப்படி என்னதான் சொன்னார் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.

என்னை ஸ்டோரில் போட்டிருக்கிறார்கள். கம்பிக் கயிறு, கொக்கி, சங்கிலி எல்லாம் எடுத்துக் கொடுத்துத் திரும்ப வாங்கி வைக்க வேண்டும். ஜன்னல் கிடையாது, குழல்விளக்குதான். கொக்கிக்காரரும் இங்கேதான், கட்டைக் காலோடு. முதல் நாள் என்னைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரையும் ஒரே ரேக்குல தூக்கி வச்சுட்டாங்க பாத்தியா" என்றார். நானும் சிரித்தேன். அவர் மனைவி இப்போது எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கொடுத்தனுப்புகிறார்.

உன் மேல் எனக்கு என்ன கோபம் என்று உனக்குச் சரியாகத் தெரியட்டும் என்று எழுதுகிறேன். நீ பயந்ததற்கு இல்லை. அதை என்றோ மன்னித்துவிட்டேன். நீ அந்த மேசைக்கு முன்னால் எனக்காக உண்மையைச் சொல்லவில்லை. நாலு பேர் உன் கையைப் பார்த்துச் சிரித்தார்கள், அது உனக்குப் பொறுக்கவில்லை. இழுக்கத் தெரியாதவன் என்ற பெயர் ஒரு மத்தியானம் உன் மேல் இருந்துவிட்டுப் போயிருக்கும். அதைத் தாங்க முடியாமல் என் இருக்கையை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாய். உன் கையின் மானம் இப்போது பத்திரமாக இருக்கிறது. வைத்துக்கொள்.

மாடி அறையைப் பற்றி மறுபடியும் எழுதாதே. போனும் செய்யாதே. மகள் வேண்டுமானால் உனக்கு எழுதுவாள், அவளை நான் தடுக்கமாட்டேன்.

ஒன்றே ஒன்று பாக்கி. எட்டாவது தூணில் நீ கட்டிய கயிறு இத்தனை நாளும் மேலேயே கிடந்திருக்கிறது. நான் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கியபோது விட்டுவிட்டு வந்தது. நெட்டை அவிழ்க்கப் பார்த்தானாம், முடியவில்லையாம். கடைசியில் கயிற்றைக் கத்தியால் அறுத்து, முடிச்சோடு கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். நானும் கொக்கிக்காரரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முடிந்தமட்டும் இழுத்துப் பார்த்தோம். அசையவில்லை.

இழுத்திருக்கலாம் அண்ணா. நான் விழுந்திருக்க மாட்டேன்.